மாசம் ஒரு மூட்டை உப்பு

பாத்ரூம் தண்ணி பாயும் வாழைக்கு இலை ஓரம் கருக ஆரம்பித்தபோது, நான் முதலில் சந்தேகப்பட்டது சாம்பல் சத்துக் குறைபாட்டைத்தான். அடுப்புச் சாம்பலை அள்ளிப் போட்டேன். கேட்கவில்லை. பஞ்சகவ்யா விட்டேன், அமுதக்கரைசல் விட்டேன். கருகல் ஓரத்தில் இருந்து உள்ளே வந்ததே தவிர நிற்கவில்லை. அடுத்து எலுமிச்சை இலையைக் கொட்டியது. அதற்கடுத்து அவரைப் பந்தல். வேலியோரத்துத் தென்னை இரண்டு மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி நின்றன.

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பத்து சென்ட்தான் எங்கள் சமையலறைத் தோட்டம். குளியலறை, துணி துவைக்கும் கல், பாத்திரம் கழுவும் தொட்டி மூன்றில் இருந்தும் வெளியேறும் தண்ணீர் கல்வாழை, சேம்பு வழியாகப் போய் அங்கேதான் பாயும். வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெற்று, காங்கயம் பக்கத்தில் இந்தத் தோட்டத்துக்கு வந்த நாளில் இருந்து அதில் ஒரு கைப்பிடி யூரியா விழுந்ததில்லை. மண்ணை அள்ளினால் மண்புழு வரும்.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர்தான் ஒரு நாள் காலையில் கவனித்துச் சொன்னார்.

"ஏனுங்க மேனேஜரு, நேத்து சாயந்தரம் பாஞ்ச தண்ணி இன்னும் நிக்குதே. ஏதாச்சும் கொட்டுனீங்களா?"

"ஒண்ணும் கொட்டலீங்க. எப்பவும் வர்ற பாத்ரூம் தண்ணிதான்."

அவர் குனிந்து ஒரு பிடி மண் எடுத்து உருட்டினார். "வெறும் பாத்ரூம் தண்ணிக்கு மண்ணு இப்படிக் களி மாதிரி அடைக்காதுங்க. காஞ்சா ஓடு கட்டுது பாருங்க. இது உப்பு தின்ன மண்ணு."

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால், அந்த வீட்டுக்குள் மாசம் ஒரு மூட்டை உப்பு நானேதான் தூக்கிக்கொண்டு போய் வைத்துக்கொண்டிருந்தேன். 25 கிலோ மூட்டை. தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் கருவிக்கு.

எதற்காக வாங்கினேன்

எங்கள் பகுதி மண்ணைத் தோண்டினால் சுக்கான் கல் வரும். அந்தச் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டுதான் போர்வெல் தண்ணீர் மேலே வருகிறது. ஊரில் இதை உப்புத் தண்ணி, சப்பைத் தண்ணி என்போம். பக்கெட்டின் உள்பக்கம் வெள்ளை படியும். குழாய் வாய் அடைக்கும். டீயின் மேலே ஆடை மாதிரி ஒன்று மிதக்கும். துவரம் பருப்பு ஆறு விசில் விட்டாலும் திப்பி திப்பியாக நிற்கும். இரண்டு வருடத்தில் கீசரின் காயில் இரண்டு முறை போனது. மெக்கானிக் கழற்றிக் காட்டினார். காயிலைச் சுற்றி விரல் கனத்துக்குச் சுண்ணாம்பு. விடுமுறைக்கு வந்த பேத்தி, "தாத்தா, இந்தத் தண்ணியில குளிச்சா முடி நார் மாதிரி ஆகுது, நான் வரல" என்று சொல்லிவிட்டாள். அதோடு என் வீட்டம்மா முடிவெடுத்துவிட்டார்.

கருவி வந்தது. வந்தவர் இரண்டு பாட்டிலில் தண்ணீர் எடுத்து, இரண்டிலும் சோப்புக் கரைசல் விட்டுக் குலுக்கிக் காட்டினார். பழைய தண்ணீரில் திரி திரியாகத் தயிர் மாதிரி திரிந்தது. கருவி வழியாக வந்த தண்ணீரில் பாட்டில் கழுத்து வரைக்கும் நுரை.

உண்மையைச் சொல்ல வேண்டும். மென்தண்ணீரால் நன்மை இல்லை என்று நான் எழுத வரவில்லை. சோப்பு பாதியாகக் குறைந்தது. துணி மொடமொடப்பு போய்ப் பஞ்சு மாதிரி ஆனது. கீசருக்குப் பிறகு ஒரு தொந்தரவும் இல்லை. சோலார் ஹீட்டர் குழாய் அடைக்கவில்லை. குளியலறை ஓடுகள் பளிச்சென்று இருந்தன. பேத்தியும் திரும்பி வந்தாள். வீட்டுக்குள் மட்டும் பார்த்தால் இது லாபக் கணக்குதான். நான் பார்க்கத் தவறியது வீட்டுக்கு வெளியே எழுதப்பட்ட பற்றுப் பக்கத்தை.

கடின நீர் என்றால் என்ன?

தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும்தான் கடினத்தன்மை. ஆய்வு அறிக்கையில் இதைக் கால்சியம் கார்பனேட் கணக்கில், ஒரு லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று போடுவார்கள். 60 வரை இருந்தால் மென்னீர். 180-க்கு மேல் போனால் மிகக் கடின நீர். குடிநீருக்கான இந்தியத் தரநிலை 200-ஐ ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரையும் அனுமதிக்கிறது. எங்கள் போர்வெல் தண்ணீர் 620.

சோப்பு போட்டால் நுரைக்காததற்குக் காரணம், சோப்பில் இருக்கும் கொழுப்பு அமிலத்தைக் கால்சியம் பிடித்துக்கொண்டு கரையாத கசடாக மாற்றிவிடுவதுதான். தலைமுடியில் ஒட்டுவது அந்தக் கசடு. பருப்பு வேகாததும் கால்சியத்தால்தான். பருப்பின் செல் சுவரில் இருக்கும் பெக்டினோடு அது சேர்ந்து இறுக்கிவிடுகிறது. சுடவைத்தால் பைகார்பனேட்டாக இருக்கும் பகுதி சுண்ணாம்பாகப் பிரிந்து படியும். அதனால்தான் பச்சைத் தண்ணீர்க் குழாயைவிட வெந்நீர்க் குழாய் சீக்கிரம் அடைக்கிறது. சல்பேட், குளோரைடாக இருக்கும் பகுதி கொதிக்க வைத்தாலும் போகாது.

இன்னொன்று, டி.டி.எஸ். வேறு, கடினத்தன்மை வேறு. டி.டி.எஸ். என்பது கரைந்திருக்கும் எல்லாவற்றின் மொத்தம். அதில் சுண்ணாம்பு எவ்வளவு, சமையல் உப்பு எவ்வளவு என்று அந்தக் கையடக்க மீட்டர் சொல்லாது. எனக்கு முதல் பொறி தட்டியதே இந்த மீட்டரால்தான். பெரியவர் சொன்ன அன்று கருவிக்கு முன்னும் பின்னும் தண்ணீர் பிடித்து அளந்தேன். இரண்டும் ஏறக்குறைய ஒரே எண். சுண்ணாம்பு போயிருக்கிறது, ஆனால் மொத்தம் குறையவில்லை என்றால், போனதன் இடத்தில் வேறு ஏதோ வந்து உட்கார்ந்திருக்கிறது. முப்பத்தைந்து வருடம் பேரேடு பார்த்தவனுக்கு அது உறைக்க இத்தனை நாள் ஆனது எனக்கே வெட்கம்தான்.

கருவிக்குள் நடக்கும் பண்டமாற்று

சாஃப்ட்னர் தொட்டிக்குள் இருப்பது ரெசின் என்ற சின்னச் சின்ன மணிகள். அந்த மணிகள் சோடியத்தைப் பிடித்து வைத்திருக்கும். கடின நீர் அதன் வழியே போகும்போது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் வாங்கிக்கொண்டு, பதிலுக்குச் சோடியத்தைத் தண்ணீருக்குள் விடும். வடிகட்டுவது அல்ல இது, பண்டமாற்று. மணிகளில் சோடியம் தீர்ந்ததும் கெட்டியான உப்புக் கரைசலை உள்ளே விட்டு, பிடித்த கால்சியத்தை வெளியே தள்ளி, மறுபடி சோடியத்தை ஏற்ற வேண்டும். அதற்குத்தான் மாசம் ஒரு மூட்டை.

கணக்கைப் பாருங்கள். 100 மில்லிகிராம் கடினத்தன்மையை எடுத்தால் 46 மில்லிகிராம் சோடியம் தண்ணீரில் ஏறும். எங்கள் 620-க்கு, லிட்டருக்குக் கிட்டத்தட்ட 285 மில்லிகிராம் சோடியம். இது வீட்டுக்குள் வரும் மென்னீரில். மீதிச் சோடியமும், உப்பில் இருந்த குளோரைடு முழுவதும், கருவியைக் கழுவி விடும் கழிவு நீரில் வெளியேறும்.

எங்கள் வீட்டில் அந்தக் கழிவுக் குழாயும் அதே பத்து சென்டுக்குத்தான் போனது. கருவி பொருத்தியவர், "தண்ணிதானே சார், செடிக்கு விடுங்க" என்றார். நானும் ஒரு சொட்டுத் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் விட்டேன்.

ஆக, வீட்டுக்குள் போன மூட்டை எந்த வழியில் வெளியே வந்தாலும் கடைசியில் போய்ச் சேர்ந்தது ஒரே மண். 14 மாதம், 14 மூட்டை, 350 கிலோ உப்பு. பத்து சென்டுக்கு 350 கிலோ என்றால், ஏக்கர் கணக்கில் மூன்றரை டன்! ஒரு பிடி யூரியா போட மாட்டேன் என்று வைராக்கியமாக இருந்த மனுஷன் செய்த வேலை இது.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. காலம் காலமாக நாம் உப்புத் தண்ணி என்று திட்டியது பெரும்பாலும் சுண்ணாம்புத் தண்ணீரைத்தான். அதை நல்ல தண்ணி ஆக்குகிறேன் என்று சொல்லி, நிஜமான உப்பை நான்தான் உள்ளே கொண்டுவந்தேன்.

மண்ணுக்குச் சுண்ணாம்பு உறவு, சோடியம் பகை

களிமண் துகள்களை ஒன்றோடொன்று சேர்த்து, பொலபொலவென்று கட்டி கட்டியாக வைத்திருப்பது கால்சியம். அந்தக் கட்டிகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில்தான் காற்றும் நீரும் வேரும் போகும். சோடியம் அதிகமாகி, கால்சியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்தால் துகள்கள் பிரிந்து கலைந்துவிடும். கலைந்த துகள் இடைவெளியை அடைக்கும். ஈரத்தில் களி, காய்ந்தால் ஓடு. பெரியவர் கையில் உருட்டிக் கண்டுபிடித்தது இதைத்தான்.

பயிரிலும் வித்தியாசம் உண்டு. வாழை, எலுமிச்சை, அவரை எல்லாம் உப்புக்கு நொந்துபோகும் இனம். தென்னை தாங்கும். என் தோட்டத்தில் எது எந்த வரிசையில் செத்தது, எது நின்றது என்பதே ஒரு மண் பரிசோதனை அறிக்கை மாதிரிதான் இருந்தது. படிக்கத்தான் எனக்குத் தெரியவில்லை.

கடின நீர் பாசனத்தில் சொட்டுநீர்த் துளைகளை அடைக்கும், இலையில் வெள்ளைப் பொட்டு வைக்கும். தொல்லைதான். ஆனால் கால்சியம் மிகுந்த நீரால் மண் இப்படிக் குலைவதில்லை. மண்ணுக்கு ஆகாதது, கால்சியம் குறைந்து சோடியம் மிகுந்த நீர். சாஃப்ட்னர் செய்வது சரியாக அந்த மாற்றத்தைத்தான்.

நொய்யல் கதை நமக்குப் புதிதல்ல. சாயப்பட்டறை உப்பு ஆற்றில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே இருந்த காடு தோட்டமெல்லாம் கெட்டபோது, நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. அந்தத் தீர்ப்பைக் கொண்டாடியவர்களில் நானும் ஒருவன். பட்டறையின் அளவுக்கும் என் வீட்டு மூட்டைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் உண்டுதான். ஆனாலும் உப்பு என்பது மக்காது, ஆவியாகாது. யார் கொட்டினாலும் அதற்குப் போக்கிடம் மண்ணும் நீரும்தான்.

குடிக்கிறவர் கவனத்துக்கு

கடின நீர் குடித்தால் கல் வரும் என்று ஊரில் எல்லோரும் சொல்வோம். உலக சுகாதார நிறுவனம் தன் குடிநீர் வழிகாட்டுதலில் கடினத்தன்மைக்கு உடல்நலக் காரணம் காட்டி எந்த வரம்பும் வைக்கவில்லை. சிறுநீரகக் கல்லுக்கு மருத்துவர்கள் முதலில் சொல்வது, நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்பதுதான். ஏற்கெனவே கல் உள்ளவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் சாஃப்ட்னர் தண்ணீரைக் குடிப்பது வேறு விஷயம். எங்கள் வீட்டுத் தண்ணீரில் ஒருவர் தினமும் மூன்று லிட்டர் குடித்தால் 855 மில்லிகிராம் சோடியம், அதாவது இரண்டு கிராமுக்கு மேல் உப்பு உள்ளே போகும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு மொத்தமே ஐந்து கிராம் உப்புக்குள் இருக்கட்டும் என்கிறது அதே நிறுவனம். என் வீட்டம்மாவுக்கு ரத்த அழுத்தம். ஊறுகாய், அப்பளம் எல்லாம் ஒதுக்கி, குழம்பில் உப்பைக் குறைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், அந்த 14 மாதமும் சமையலறைக் குழாயில் இதைத்தான் பிடித்தார். தெரிந்த அன்று ராத்திரி என்னிடம் கோபமாக ஒன்றும் பேசவில்லை. "குழம்புல உப்பே இல்லைனு நீங்கதானே தினமும் குத்தம் சொன்னீங்க" என்று மட்டும் கேட்டார்.

வானம் தரும் மென்னீர்

கருவியை நிறுத்தினோம். அப்புறம் என்ன செய்வது? பழையபடி கீசர் மாற்றிக்கொண்டு, வேகாத பருப்பைத் தின்றுகொண்டு இருப்பதா? உட்கார்ந்து கணக்குப் போட்டோம். வீட்டில் எந்த எந்த வேலைக்கு உண்மையிலேயே மென்னீர் வேண்டும்? குடிக்க, சமைக்க, வெந்நீருக்கு, தலை குளிக்க. கழிப்பறைக்கும் வாசல் தெளிக்கவும் மாட்டுத் தொட்டிக்கும் எதற்கு? அத்தனைக்கும் சேர்த்து நாங்கள் 450 லிட்டரை தினமும் மென்மையாக்கிக்கொண்டிருந்தோம்.

குடிக்கவும் சமைக்கவும் நான்கு பேருக்கு ஒரு நாளைக்கு 20 லிட்டர் தாராளம். வருடத்துக்கு 7,300 லிட்டர். இப்போது மொட்டை மாடியைப் பாருங்கள். 1,000 சதுர அடி என்பது 93 சதுர மீட்டர். வருடம் 600 மில்லிமீட்டர் மழை என்று வைத்து, ஐந்தில் ஒரு பங்கு வீணாகும் என்று கழித்தாலும் ஏறக்குறைய 44,000 லிட்டர் வரும். கடினத்தன்மை கிட்டத்தட்ட இல்லாத தண்ணீர். கரண்ட் வேண்டாம், உப்பு வேண்டாம், கழிவும் இல்லை.

2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆனபோது பலரும் குழி வெட்டி நிலத்துக்குள் விட்டோம். அது நல்லது, தொடரட்டும். ஆனால் கடின நீர் உள்ள ஊரில் நிலத்துக்குள் விட்ட மழை மறுபடி மேலே வரும்போது சுண்ணாம்பைச் சுமந்துகொண்டுதான் வரும். அதனால் முதல் பங்கைத் தொட்டியில் பிடியுங்கள், நிறைந்தபின் வழிவதைக் குழிக்கு விடுங்கள்.

நாங்கள் கட்டியது 10,000 லிட்டர் தரைத்தொட்டி. 50 மில்லிமீட்டர் மழை ஒன்று பெய்தால் 3,700 லிட்டர் விழும். ஐப்பசியில் மூன்று நல்ல மழை போதும், தொட்டி நிறைந்துவிடும். செய்யும்போது கவனிக்க வேண்டியவை:

1. மழைக்காலத்துக்கு முன் மாடியைக் கூட்டிக் கழுவ வேண்டும். மாடியில் மிளகாய், உரம், மருந்து எதுவும் காயவைக்கக் கூடாது.

2. ஒவ்வொரு மழையிலும் முதலில் விழும் தண்ணீரைத் தூசியோடு வெளியே விட வேண்டும். 1,000 சதுர அடிக்கு 100 லிட்டராவது தள்ளுங்கள். குழாயில் ஒரு திருப்பு வால்வு போதும்.

3. கூழாங்கல், மணல், மரக்கரி அடுக்கிய வடிகட்டி வழியாகத் தொட்டிக்குள் விடுங்கள். வருடம் ஒரு முறை கரியையும் மணலையும் மாற்றுங்கள்.

4. தொட்டிக்குள் வெளிச்சம் புகக் கூடாது, பாசி பிடிக்கும். காற்றுக் குழாய்க்குக் கொசுவலை கட்டாயம்.

5. புது சிமெண்டுத் தொட்டி என்றால் இரண்டு மூன்று முறை நீர் நிரப்பி ஊறவிட்டு வெளியேற்றிய பிறகு குடிநீர் பிடியுங்கள். இல்லையென்றால் சிமெண்டின் சுண்ணாம்பே அதில் இறங்கும்.

6. குடிப்பதற்குக் கொதிக்கவைத்து ஆற்றிக்கொள்ளுங்கள்.

மழைநீரில் தாது இல்லையே என்று கேட்பார்கள். கேழ்வரகும் கீரையும் மோரும் சாப்பிடுகிற வீட்டில் கால்சியத்துக்குத் தண்ணீரை நம்பியிருக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் இப்போது பருப்பு மூன்று விசிலில் மலர்ந்துவிடுகிறது.

தொட்டி கட்ட இடமோ பணமோ இல்லாதவர்கள், சமையலறைக்கு மட்டும் சின்ன ஆர்.ஓ. வைக்கலாம். அது ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று குடம் வெளியே தள்ளும். ஆனால் உப்பு மூட்டை கேட்காது. தள்ளும் நீரைக் கழிப்பறைக்கும் தரை துடைக்கவும் வைத்துக்கொள்ளலாம்.

மற்ற வேலைகளுக்கு

*தலை குளிக்க:* அரப்பும் சீயக்காயும் சோப்பு அல்ல. அதில் நுரைப்பது சப்போனின். சோப்பைத் திரித்துவிடும் மாதிரி கால்சியம் அதைத் திரிப்பதில்லை. இந்த வறண்ட பூமியில் நம் ஆத்தாமார் அரப்புத் தேய்த்துக் குளித்ததில் காரணம் இருக்கிறது. பேத்தி வரும்போது அரப்பும், கடைசியாக அலச ஒரு சொம்பு மழைநீரும். முடி நார் ஆகவில்லை.

*வெந்நீருக்கு:* கீசரில் வெப்பத்தைக் குறைத்து வைத்தால் படிவது குறையும். குழாய் வாய், பூவாளி இவற்றுக்கு எலுமிச்சை உப்பு போதும். மளிகைக் கடையில் அந்தப் பெயரில் கிடைப்பது சிட்ரிக் அமிலம். வெதுவெதுப்பான ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேஜைக்கரண்டி கரைத்து, கழற்றி ஊறவைத்தால் சுண்ணாம்பு கரைந்துவிடும். ப்ளீச்சிங் பவுடரோடு இதைச் சேர்த்துவிடாதீர்கள், நச்சு வாயு வரும். கீசர் காயிலை வருடம் ஒரு முறை மின்சாரத்தைத் துண்டித்து, மெக்கானிக்கைக் கொண்டு சுத்தம் செய்துவிடுகிறோம்.

*வேப்பெண்ணெய் தெளிக்க:* நம் ஆட்களுக்கு இதுதான் முக்கியம். காதி சோப்பைக் கரைத்து வேப்பெண்ணெய் கலக்கும்போது எண்ணெய் தனியே மிதக்கிறது, திரிகிறது, நாசில் அடைக்கிறது என்று பலர் சொல்கிறார்கள். குற்றம் எண்ணெயில் இல்லை, தண்ணீரில். கடின நீரில் சோப்பு முதலில் கால்சியத்தோடு சேர்ந்து கசடாகிவிடும், எண்ணெயைக் கரைக்க மிச்சம் இருக்காது. தெளிப்புக்கு மழைநீர் பிடித்து வையுங்கள். இல்லையென்றால் சோப்புக்குப் பதில் பூந்திக்கொட்டை ஊறவைத்த கரைசலைப் பயன்படுத்துங்கள்.

*தேத்தாங்கொட்டை:* கலங்கலைத் தெளியவைக்க அருமையான பொருள். ஆனால் கரைந்திருக்கும் சுண்ணாம்பை எடுப்பது அதன் வேலை அல்ல. தெளிந்த நீர் எல்லாம் மென்னீர் அல்ல. அதேபோல் குழாயில் காந்தம் மாட்டினால் தண்ணீர் மென்மையாகும் என்பவர்களிடம், மாட்டுவதற்கு முன்னும் பின்னும் ஆய்வு அறிக்கை கேளுங்கள். கால்சியத்தை வெளியே எடுக்காத எதுவும் அந்த எண்ணைக் குறைக்காது.

ஏற்கெனவே சாஃப்ட்னர் இருந்தால்

முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டினால் கடினத்தன்மை எவ்வளவு என்று தந்துவிடுவார்கள். பிறகு கருவியைத் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் வெந்நீருக்கும் போகும் குழாயில் மட்டும் இணையுங்கள். குடிநீர், கழிப்பறை, தோட்டக் குழாய்களைத் தனியே பிரித்துவிடுங்கள். நாளைக்கு 450 லிட்டர் 60 லிட்டராகச் சுருங்கினால், மாதம் 25 கிலோ உப்பு மூன்றரை கிலோவுக்குள் அடங்கிவிடும்.

கழுவி விடும் உப்பு நீரைச் செடிக்கும் விடாதீர்கள், கிணற்றோரத்திலும் விடாதீர்கள். முக்கியமாக மழைநீர்க் குழிக்குள் விட்டுவிடாதீர்கள். அது நேராக நிலத்தடி நீரில் உப்பைச் சேர்க்கும். தார்ப்பாய் விரித்த ஆழமில்லாத தொட்டியில் வெயிலில் சுண்ட விடலாம். சுண்டிய பிறகு மிஞ்சும் கசப்பு உப்பை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்ற கேள்வி அப்போதும் நிற்கும். அந்தக் கேள்விக்கு எனக்கு நல்ல பதில் கிடைக்காததால்தான் நான் கருவியையே நிறுத்தினேன்.

பத்து சென்ட் இப்போது

வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பார்த்து, அவர்கள் சொன்ன அளவுக்குக் கனிம ஜிப்சம் போட்டேன். ஜிப்சத்தில் இருக்கும் கால்சியம், மண்ணைப் பிடித்திருக்கும் சோடியத்தைத் தள்ளிவிட்டு உட்காரும். தள்ளப்பட்ட சோடியத்தை மழைதான் கழுவிக் கீழே இறக்க வேண்டும். அதற்காகச் சுற்றிலும் வரப்புக் கட்டி, விழும் மழையைத் தேக்கினேன். தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும்போது மடக்கி உழுதேன். அளவை அடுத்தவரைப் பார்த்துப் போடாதீர்கள், உங்கள் மண்ணைச் சோதித்துப் போடுங்கள்.

இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. அவரை மறுபடி பந்தல் ஏறியிருக்கிறது. வாழைக் கன்று வைத்தேன், ஓரம் கருகல் இல்லை. எலுமிச்சை திரும்பவில்லை. அந்த இடத்தில் மட்டும் தண்ணீர் இன்னும் கொஞ்சம் நின்றுதான் இறங்குகிறது. கெடுக்க 14 மாதம் போதுமாக இருந்தது. சரிசெய்ய எத்தனை வருடம் என்று மண்தான் சொல்ல வேண்டும்.

கருவி மாடிப்படிக்குக் கீழே நிற்கிறது. "வித்துத் தொலைங்க, இடத்தை அடைக்குது" என்கிறார் வீட்டம்மா. பக்கத்து ஊரில் ஒருவர் நல்ல விலைக்குக் கேட்டும் வந்தார். கழிவுத் தண்ணீரை எங்கே விடுவீர்கள் என்று கேட்டேன். "முருங்கைக்கு விடலாம்னு இருக்கேனுங்க" என்றார். கொடுக்க மனசு வரவில்லை. உட்காரவைத்து டீ கொடுத்து, இந்தக் கணக்கைத்தான் சொல்லி அனுப்பினேன். மழைநீரில் போட்ட டீ. மேலே ஆடை இல்லாமல் இருந்ததை அவரே கவனித்துக் கேட்டார்.